திறந்தவெளி

தண்ணி நிக்குமான்னுதானே கேக்க வர்றீங்க? கேளுங்க தம்பி, தப்பே இல்ல. இந்த ஊர்ல வீடு பார்க்க வர்றவங்க முதல்ல அதைத்தான் கேக்கணும். கிச்சன் எந்தப் பக்கம், பாத்ரூம்ல கீசர் இருக்கா, அதெல்லாம் அப்புறம். நிக்காது. இந்த வீட்டுல தண்ணி நின்னதே கிடையாது. போன வெள்ளத்துலயும் நிக்கல, அதுக்கு முந்தின வெள்ளத்துலயும் நிக்கல. வாசப்படி நனையும், அவ்ளோதான். நீங்க மாடியில இருக்கப் போறவங்க, உங்களுக்கு என்ன வந்தது?

உக்காரும்மா. மேல போய் நிதானமா பாருங்க, அவசரமே இல்ல. அதுக்கு முன்னால இப்படி ஜன்னல் பக்கம் வாங்க. தெரியுதா, பார்க்கு? புங்க மரம், வேப்ப மரம், சுத்தி நடக்கப் பாதை, பெரியவங்க உக்கார பெஞ்சு. மத்த இடத்துல ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுக்காரன் துணி காயப்போடறதுதான் தெரியும். இங்க பார்க்கு தெரியும். இது இன்னிக்கு இப்படி இருக்குன்னா யாரால இருக்கு? அதை நான் சொல்லக் கூடாது. ஆனா வேற யாரும் சொல்ற வழியக் காணோம். அதனால நானே சொல்லிடறேன். என்னாலதான்.

என் பேரு தணிகாசலம். டெலிபோன்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். குயில் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளர். இப்பவும் நான்தான் செயலாளர். தலைவர் ராஜினாமா பண்ணிட்டாரு. பொருளாளர் பொண்ணு வீட்டோட போயிட்டாரு. செயலாளர் இருக்கேன்.

இந்த நகரை லேஅவுட் போட்டவன், சட்டப்படி பொதுமக்களுக்குன்னு ஒரு இடத்தை ஒதுக்கி, கார்ப்பரேஷனுக்குத் தானமா எழுதிக் கொடுத்தான். பத்திரத்துல அந்த வார்த்தையே இருக்கு. 'பொதுமக்களின் திறந்தவெளிப் பயன்பாட்டுக்கு மட்டும்.' அதுல யாரும் கை வைக்க முடியாது. முதலமைச்சரே வந்தாலும் ஒரு செங்கல் வைக்க முடியாது. ஆனா நாங்க குடி வந்தப்ப அது எப்படிக் கிடந்தது தெரியுமா? ஒரே பள்ளம். எருமை படுத்துக் கிடக்கும். நாங்கதான் லாரி லாரியா மண்ணடிச்சு உசத்தினோம். வேலி போட்டோம், கேட்டு போட்டோம், கேட்டுக்குப் பூட்டும் போட்டோம். பின்ன? பின்னால கீழ்த்தெரு இருக்கு. அந்தப் பசங்க கிரிக்கெட் ஆடறோம்னு வந்துட்டானுங்க. பொதுமக்களுக்குன்னு ஒதுக்கின இடம் தம்பி, கண்டவனும் உள்ள வந்தா எப்படி?

கீழ்த்தெருன்னா பார்க்குக்குப் பின்பக்கம், சரிவுல இறங்கினா வரும். பேருக்கு ஏத்த மாதிரி கீழதான் இருக்கு. மழை பெஞ்சா எல்லாத் தண்ணியும் அங்கதான் போகும். அது யார் தப்பு? தண்ணி பள்ளத்துக்குப் போகும்னு நானா சட்டம் போட்டேன்?

இப்படி இருக்கிறப்ப ஒரு நாள் கார்ப்பரேஷன்ல இருந்து ஒரு இன்ஜினியர் அம்மா வந்தாங்க. சின்னப் பொண்ணு, உங்க சம்சாரம் வயசுதான் இருக்கும். வெள்ளத் தடுப்புத் திட்டமாம். பார்க்கு நடுவுல குளம் தோண்டணுமாம். "நடக்கிற பாதை அப்படியே இருக்கும் சார், மரத்தைத் தொட மாட்டோம். நடுவுல மட்டும் ஆழப்படுத்தி, உங்க தெருத் தண்ணியெல்லாம் அதுல விட்டுட்டா கீழ்த்தெரு தப்பிச்சிடும். வெயில் காலத்துல காஞ்சிடும், பசங்க இறங்கி விளையாடலாம்"னு தேனாட்டம் பேசினாங்க. நான் முடியாதுன்னேன். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, "சார், உங்க ஏரியாவுக்குப் பழைய பேரே கொக்குத்தாங்கல்தானே? தண்ணியைத் தாங்கிக்கிட்டு இருந்த இடம்தானே?"ன்னாங்க. அந்தப் பேரை மாத்தி குயில் நகர்னு வச்சதே நான்தாம்மான்னு சொன்னேன். பொண்ணு பார்க்க வர்றவன் தாங்கல்னு கேட்டதும் தெருமுனையோட திரும்பிடறான், அதான் மாத்தினோம். பேரு மாறினப்புறம் என்ன கொக்கு, என்ன தாங்கல்?

விடுவேனா? கோர்ட்டுக்குப் போனேன்.

வக்கீல் முதல்ல இழுத்தாரு. "சார், அவங்க கட்டடம் கட்டல, குளம் வெட்டறாங்க. குளமும் திறந்தவெளிதான்னு சொல்லிடுவாங்க"ன்னாரு. எனக்கு ராத்திரி பகலா அதே யோசனை. ஒரு நாள் காலையில ஷேவ் பண்ணிக்கிட்டு இருக்கேன், பளிச்சுன்னு தோணிச்சு. பாதி முகத்துல சோப்போட போன் போட்டேன். "சார், திறந்தவெளின்னுதானே பத்திரத்துல இருக்கு? தண்ணி வந்து மூடிடுச்சுன்னா அது எப்படித் திறந்தவெளி ஆகும்? அது மூடின வெளிதானே?"ன்னேன். வக்கீல் வாய்விட்டுச் சிரிச்சாரு. அப்புறம், "தணிகாசலம், நீங்க எங்கயோ இருக்க வேண்டிய ஆளு"ன்னாரு. அந்த வார்த்தையத்தான் கோர்ட்டுல எடுத்து வச்சோம். தண்ணி மூடின இடம் திறந்தவெளி ஆகாது. ஒரே வரி. எதிர்ப்பக்கத்து வக்கீல் பத்திரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

ஆனா அவன் வேற ஒண்ணைக் கிளப்பினான். மேட்டுல இருக்கிறவங்க நடக்கிறதுக்காக பள்ளத்துல இருக்கிறவங்க முழுகணுமான்னு கேட்டான். அது கொஞ்சம் உறுத்தலான கேள்விதான். வக்கீல் என்னைத் தனியா கூப்பிட்டாரு. "கீழ்த்தெருவுல இருந்தே ஒரு ஆள், எங்களுக்கு ஆட்சேபணை இல்ல, பார்க்கு பார்க்காவே இருக்கட்டும்னு அபிடவிட் போட்டா போதும், கேஸ் நம்ம பக்கம்"ன்னாரு.

எனக்கு அங்க ஒரு ஆள் இருந்தாரு தம்பி. என் சம்பந்தி.

ஆமா, என் பையன் அறிவழகன் கட்டியிருக்கிறது கீழ்த்தெருப் பொண்ணு. தமயந்தி. ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ். வேற யாராவதா இருந்தா குதிச்சிருப்பான். நான் ஒரு வார்த்தை சொல்லல. நாங்க அதெல்லாம் பார்க்கிறவங்க இல்ல. கல்யாணச் செலவுகூட பாதி நானே ஏத்துக்கிட்டேன், அதை எங்கயும் சொல்லிக்கிட்டது இல்ல. அவங்க அப்பா ஏகாம்பரம், மோட்டார் வைண்டிங் கடை வச்சிருந்தாரு. வீடும் கடையும் ஒண்ணா. தங்கமான மனுஷன். என் எதிர்ல உக்காரவே மாட்டாரு. உக்காருங்க சம்பந்தின்னா, "இருக்கட்டும் சம்பந்தி"ன்னு சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. அவர் ஒருத்தரை மட்டும் பார்க்குக்குள்ள விடச் சொல்லி வாட்ச்மேன்கிட்ட நானே சொல்லி வச்சிருந்தேன். ஒரு நாளும் வந்தது இல்ல.

அபிடவிட்டை எடுத்துக்கிட்டு நானே போனேன். ஆள் அனுப்பல, பாருங்க. ஆப்பிள், சாத்துக்குடி எல்லாம் வாங்கிக்கிட்டு போனேன். கையெல்லாம் வார்னிஷு, துணியில துடைச்சுக்கிட்டே எழுந்தாரு. விஷயத்தைச் சொன்னேன். "மழைக்கு எங்க தெருவுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்குமே சம்பந்தி"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. நான், "உங்க பேத்தி நடை பழகப் போற பார்க்கு ஏகாம்பரம். அதைத் தோண்டவா சொல்றீங்க?"ன்னு கேட்டேன். பேனா குடுங்கன்னாரு. ஒரு மோட்டார் மேலயே தாளை வச்சு கையெழுத்துப் போட்டாரு. உள்ள இருந்து சம்பந்தியம்மா காபி கொண்டு வந்தாங்க. குடிச்சுட்டுத்தான் வந்தேன், குடிக்காம வந்தா தப்பா நினைப்பாங்க இல்லியா.

என் பையன் இப்ப என்ன சொல்றான் தெரியுமா? "பொண்ணைக் குடுத்த மனுஷன் உங்ககிட்ட எப்படிப்பா மாட்டேன்னு சொல்வாரு?"ங்கறான். நான் கழுத்துல கத்தியா வச்சேன்? மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே. வாய் இருந்ததே அவருக்கு. சம்பந்தி கேட்டா தட்டக் கூடாதுன்னு அவரா நினைச்சுக்கிட்டா அதுக்கு நான் பொறுப்பா?

குளம் தோண்டக் கூடாதுன்னு ஸ்டே கிடைச்சது. சங்கத்துல எனக்குப் பொன்னாடை போத்தினாங்க. பார்க்குலயே விழா. தலைவர் பேசும்போது, தணிகாசலம் இருக்கிற வரைக்கும் இந்தத் திறந்தவெளி திறந்தே இருக்கும்னாரு. ஒரே கைதட்டல். எதிர்க்க பெஞ்சுல தமயந்தி குழந்தையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அவளும்தான் கை தட்டினா. அவளுக்கு அப்ப அவங்க அப்பா கையெழுத்து விஷயம் தெரியாது. நானும் சொல்லல, அவரும் சொல்லல. சொல்றதுக்கு அதுல என்ன இருக்கு?

அந்த வருஷ ஐப்பசியில மழை பிடிச்சது பாருங்க. இந்த மழை அந்த மழை இல்ல. எங்க தெருவுல முழங்கால் அளவுக்கு வந்தது, நான் மாடியில நின்னு பார்த்துக்கிட்டே இருக்கேன், மளமளன்னு வடிஞ்சிடுச்சு. பார்க்கு மேட்டைச் சுத்திக்கிட்டு ஓடிடுச்சு. எனக்கு ஒரு சந்தோஷம். மண்ணடிச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருன்னு மரகதத்தைக் கூப்பிட்டு காட்டினேன். மரகதம் என் சம்சாரம். அவ பின்பக்க ஜன்னல்ல நின்னுக்கிட்டு இருந்தா. இங்க வந்து பாருங்கன்னா. போய்ப் பார்த்தா கீழ்த்தெருவே காணோம். ஓட்டுக் கூரையும் மொட்டை மாடியும்தான் தெரியுது.

அறிவழகனும் தமயந்தியும் இறங்கி ஓடினாங்க. குழந்தையை மரகதம் வச்சுக்கிட்டா. சம்பந்தியம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அவர் வரல. நானே போன் போட்டேன் தம்பி. இதை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா நானே போன் போட்டேன். "ஏகாம்பரம், எங்க மாடி உங்க மாடிதான், வந்து இருங்க"ன்னேன். அந்த இரைச்சல்ல அவர் குரல் சரியாவே கேக்கல. "தெருவெல்லாம் தண்ணியில நிக்குது சம்பந்தி. நான் மட்டும் எந்த மூஞ்சியோட ஏறி வர்றது?"ன்னாரு. வச்சுட்டாரு.

அப்புறம் கேள்விப்பட்டதுதான். தெரு ஜனங்க மொட்டை மாடியில ஒதுங்கி இருந்தப்ப இவரா வாயைத் திறந்து, இந்த பார்க்கு கேஸ்ல நம்ம தெரு சார்பா கையெழுத்துப் போட்டது நான்தான்னு சொல்லியிருக்காரு. யாரும் கேக்கவே இல்ல, இவரா சொல்லியிருக்காரு. எதுக்குச் சொல்லணும்? அவங்கல்லாம் ஒண்ணும் அடிக்க வரலியாம். ஒருத்தரும் பேசலியாம், அவ்ளோதான். இவரு தண்ணியில இறங்கிட்டாரு. கிழவன் கிழவி எல்லாரையும் முதுகுல சுமந்து ஸ்கூலுக்குக் கொண்டு போய் விட்டிருக்காரு. தண்ணி வடியற வரைக்கும் இதே வேலை. அந்த வயசுல இதெல்லாம் தேவையா? கால்ல எதுவோ கிழிச்சிருக்கு. காய்ச்சல் வந்தது. எலிக் காய்ச்சல்னாங்க. ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க, நானும் போய்ப் பார்த்தேன், கண்ணு ரெண்டும் மஞ்சளா இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துக்கப் பார்த்தாரு தம்பி. படுங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு. கையை ஊணி ஊணி எழுந்துக்கப் பார்க்கிறாரு.

போயிட்டாரு.

காய்ச்சல்ல போனாரு. அதை நல்லா புரிஞ்சுக்கணும். வெள்ளத்துல இல்ல. ஊர்ல எத்தனையோ பேருக்குக் காய்ச்சல் வருது, எல்லாரும் என் கேஸாலயா சாகறாங்க?

சாவுக்குப் போனேன். மாலை வாங்கிட்டுப் போனேன். தெருவே கூடியிருக்கு. பேசாம இருந்தவங்கல்லாம் அன்னிக்கு அழறாங்க. தமயந்தி தலைமாட்டுல உக்காந்திருந்தா. அதுக்குள்ள அவளுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. என்னை நிமிர்ந்து பார்த்தா. கல்யாணமான நாள்ல இருந்து மாமா மாமான்னு வாய் நிறைய கூப்பிட்ட பொண்ணு. "வாங்க செயலாளர் சார்"ன்னா. அத்தனை பேர் முன்னாலயும். திட்டியிருந்தாகூட பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இதுக்கு என்னத்தைச் சொல்றது? மாலையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறேன், வாங்கிப் போட ஒரு ஆள் வரல.

காரியம் முடிஞ்சதும் மூட்டையைக் கட்டிட்டாங்க. இந்த மாடியில இருந்தது அவங்கதான் தம்பி. என் பையன், மருமக, குழந்தை இனியா. அம்மா தனியா இருக்காங்கன்னு காரணம் சொன்னாங்க. முழுகின வீட்டுக்கு, சுவரெல்லாம் சேறு, அங்க சின்னக் குழந்தையைத் தூக்கிட்டுப் போறாங்க. நான் தடுக்கல. நாலு நாள்ல திரும்பிடுவாங்கன்னு நினைச்சேன். ரெண்டு மழை போயிடுச்சு. இனிமே யாருக்காவது விட்டுடலாம்னுதான் போர்டு மாட்டினேன்.

இதோட போச்சான்னா அதுவும் இல்ல. போன விசாரணைக்குப் போறேன், எதிர்ப்பக்கம் என் பையன் நிக்கறான். கீழ்த்தெரு ஜனங்களுக்காக இவன் மனு போட்டிருக்கான், ஸ்டேயை எடுக்கணும்னு. பேரைக் கூப்பிடறாங்க. 'த. அறிவழகன்.' அந்த 'த' யாரு? நான்தானே? என் இன்ஷியலைப் போட்டுக்கிட்டு என்மேலயே மனு போடறான். வெளியில வந்து சொல்றான்: "கேஸை வாபஸ் வாங்குங்கப்பா. அன்னிக்கே சாமானை ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வந்துடறோம்."

சுலபமா சொல்லிட்டான். வாபஸ் வாங்கினா என்ன அர்த்தம் தம்பி? நீங்களே சொல்லுங்க. அந்த மனுஷனை நான்தான் கொன்னேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடாதா? நான் கொல்லல. நான் ஒரு பார்க்கைக் காப்பாத்தினேன். அவ்வளவுதான் நான் பண்ணினது. குழந்தைங்க விளையாடணும்னு காப்பாத்தினேன். யாருக்காக இத்தனை அலைஞ்சேன்? அந்தக் குழந்தைக்காகத்தானே? இப்ப பாருங்க, மணி அஞ்சாகுது, ஊஞ்சல் சும்மா கிடக்கு. பொடிசுங்க இருந்த வீட்டுக்காரங்கல்லாம் ஒவ்வொருத்தரா காலி பண்ணிட்டாங்க. நான் மட்டும்தான் காலையிலயும் சாயந்திரமும் சுத்தி வர்றேன். சங்கத்துல எல்லாருமே கேஸ்ல இருந்து பேரை எடுத்துக்கிட்டாங்க. அன்னிக்குக் கை தட்டினவங்கதான். இப்ப என்னைப் பார்த்தா செல்போனை எடுத்துக் காதுல வச்சுக்கறாங்க.

அதனாலதான் உங்ககிட்ட ஒரு விஷயம். வாடகை, அட்வான்ஸ் எல்லாம் நீங்க சொல்றதுதான், நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. ஒரே ஒரு ஒத்தாசை. நீங்க இங்க குடி வந்துட்டா நீங்களும் குடியிருப்போர்தானே? ஒத்தை ஆளா நின்னா கோர்ட்டுல எடுபடாதுன்னு வக்கீல் சொல்றாரு. பார்க்கு பார்க்காவே இருக்கட்டும், அவ்வளவுதான் எழுதியிருக்கும். படிச்சுக்கூடப் பார்த்துக்கலாம். ஒரு கையெழுத்து. எங்க ஏகாம்பரமெல்லாம் படிக்கக்கூட இல்ல, சம்பந்தி கேக்கறாருன்னு போட்டாரு. அப்படிப்பட்ட மனுஷங்களும் இருந்தாங்க.

என்னம்மா, எழுந்துட்டீங்க? மாடியையே பார்க்கலியே. ரெண்டு பக்கமும் காத்து வரும். சுவத்துல குழந்தை கிறுக்கி வச்சிருக்கும், அதை வேணும்னா வெள்ளையடிச்சுத் தர்றேன். இல்ல, வேணாம். அது மட்டும் அப்படியே இருக்கட்டும், மத்த ரூமெல்லாம் அடிச்சுத் தர்றேன்.

சரி. யோசிச்சுச் சொல்லுங்க. கையெழுத்து வேணாம்னா வேணாம், அதுக்காக ஓடணுமா? ஒரு வாய் காபியாவது குடிச்சுட்டுப் போங்கன்னு சொல்லலாம்னா மரகதம் வீட்டுல இல்ல. கருவேப்பில பறிக்கப் போயிருக்கா. தினம் சாயந்திரம் கருவேப்பில பறிக்கப் போவா, தினம் வெறுங்கையோட வருவா. எங்க போறான்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். குழந்தை எப்படி இருக்குன்னு அவளா சொல்ல மாட்டா, நானும் கேக்க மாட்டேன்.

தம்பி, ஒரு நிமிஷம். மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க, நீங்க கீழ்த்தெரு வழியாத்தான் போயாகணும். வைண்டிங் கடைன்னு போர்டு இருக்கும், ஷட்டர் மூடியிருக்கும். அந்த வாசல்ல இந்நேரத்துக்கு ஒரு குழந்தை விளையாடிக்கிட்டு இருக்கும். சுருட்டை முடி. நீங்க நிறுத்த வேணாம், கொஞ்சம் மெதுவா போங்க, போதும். இளைச்சிருக்கா, நல்லா இருக்கா, பார்த்துட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. என்னை அதுக்கு ஞாபகம் இருக்காது, அதனால ஒண்ணும் சொல்ல வேணாம்.

என் பையன் நின்னுக்கிட்டு இருந்தான்னா அவனே கேப்பான், எங்க இருந்து வர்றீங்கன்னு. மாடி பார்க்கப் போனோம்னு சொல்லுங்க. பிடிக்கலன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ரொம்பப் பிடிச்சிருக்கு, வர்ற முதல் தேதிக்கு வர்றோம்னு சொல்லுங்க. பொய்தான், பரவால்ல. எங்க ரூமை எவனுக்கோ விட்டுட்டீங்களாமேன்னு சண்டை போடறதுக்காவது ஒரு தடவை வரட்டும்.